வலமும் இடமும் எவர்க்கு?

ஒருவர் எதிரே மற்றொருவர் நிற்குங்கால் "வலம்" என்னுஞ் சொல் இருவருள் எவர்க்குரியது? எளிதாய்த் தோன்றும் இவ்வினாவின்கண் ஓர் அறம் அடங்கியுள்ளது. உடற்கூற்று நூலார் வகுத்த பெயர்முறையைத் துணைக்கொண்டு அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

அந்நூலார் உடலின் அமைப்பைப் படிப்படியாக வைத்தோதுவர். உயிரணுக்கள் பல கூடித் திசுவாம். போர்ப்பது, பிணிப்பது, இயக்குவது, உணர்த்துவது எனத் திசு நால்வகைப்படும். திசுக்கள் இயைந்து ஒரு தொழில் புரியுங்கால் உறுப்பாம். உறுப்புக்கள் பல ஒருங்குசேர்ந்து செரித்தல், உயிர்த்தல் முதலிய பெருந்தொழில்களை ஆற்றுங்கால் மண்டலமாம். இனி, எவ்வுறுப்பு எங்குளது என்று சொல்லுதற்கு மேல் கீழ், முன் பின், வலம் இடம் என்னுஞ் சொற்கள் இன்றியமையாதன. அவையோ நிலைக்கேற்ப மாறுவன. ஒருவன் படுத்துழி அவன் தலை மேலதாகுமோ? குப்புற வீழ்ந்துழி அவன் மார்பு முன்னதாகுமோ?

இவ்விடர் நீங்குதற்பொருட்டு அவர் ஒரு நிலையை வரையறுத்தனர். உடல் நிமிர்ந்து நிற்க, முகமும் பாதமும் முன்னோக்க, கைகள் இருமருங்குந் தொங்க, உள்ளங்கைகள் முன்புறம் விரிந்திருப்பதே அந்நிலை. நோயாளன் கட்டிலிற் சுருண்டு கிடப்பினும், உயிர் நீத்த உடல் மேசைமேற் கிடத்தப்படினும், நிமிர்ந்து நிற்பதாகவே கொண்டு அதனைப் பேசுவர். வலமும் இடமும் அவ்வுடலுக்கே உரியன, காண்பார்க்குரியன அல்ல. கல்லீரலின் பெரும்பகுதி வலப்பாலது, மண்ணீரல் இடப்பாலது, இருதயம் நடுக்கோட்டினின்று இடப்பால் மிக்குச் சாய்ந்துளது. எதிர்நிற்கும் மருத்துவர்க்குக் கல்லீரல் தம் இடக்கைப்புறமே அமையும். எனினும் அதனை அவர் "வலம்" என்றே வழங்குவர்.

இஃது ஓர் உடன்பாட்டு வழக்கேயன்றி இதன்கண் அறம் யாதெனின், கூறுதும். பிழையின் துன்பம் பிழைத்தானைச் சாராது, பிழைக்கப்பட்டானையே சாரும். வலச் சிறுநீரகத்தில் நோயிருப்ப இடத்தது அறுக்கப்படின் அழிவது எவர் உடல்? 1895-ஆம் ஆண்டு பேசல் நகரிற் கூடிய அறிஞர், வேறுபட்டு வழங்கிய பல்லாயிரம் உறுப்புப் பெயர்களை ஒழுங்குபடுத்தினர். அவ்வாறு பெயர் திருந்தியும் நோக்குப் பிழைத்தல் நின்றபாடில்லை. ஆகலினன்றோ 2008-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பட்டியலில், அறுக்குமிடம் குறியிடப்பட்டதா என்று முன்னரே வினவுமாறு விதித்தது.

யாம் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்து, ஒரு தந்தையார் தம் மகனுக்கு வலச்செவி கேளாதென்று எம்மிடம் உரைத்தார். வரிசையின் வலக்கோடியில் இருத்தின் நற்செவி எம்மை நோக்குமெனக் கருதி, எம் வலக்கோடியில் அவனை இருத்தினோம். அஃது அவனுக்கு இடக்கோடி; கேளாச் செவியே எம்மை நோக்கிற்று. வினாவுக்கு விடைகூறாது விழித்த அவனைச் சோம்பலுடையானெனப் பன்முறை முனிந்தோம். திங்கள் சில கழிந்த பின்னரே எம் பிழை எமக்குப் புலனாயிற்று. நன்மை செய்யும் எண்ணம் எம்பால் இருந்தது. அவன் வலம் எது என்னும் உணர்வு மாத்திரம் இல்லை. அவன் எம்மைப் பொறுத்தான். யாம் எம்மைப் பொறுத்திலேம்.

சைவ நன்மக்கட்கு இம்முறை புதிதன்று. அம்மையப்பர் திருவுருவில் அம்மை இடப்பாகத்தினள் என்கின்றோம். சந்நிதியில் நிற்கும் நமக்கோ அப்பாகம் வலக்கைப்புறமே தோன்றும். தில்லைக்கூத்தர் எடுத்த திருவடி இடத் திருவடி என்பதும் அவ்வாறே. மதுரை வெள்ளியம்பலத்துக் கால்மாறி ஆடிய அருள், வலமும் இடமும் ஆண்டவனுடையன என்று கொண்டார்க்கே விளங்கும். ஆண்டவன் திருமுன் நம் பக்கத்தை விட்டு நிற்கக் கற்ற நாம், அடுத்தவன் முன் அதனை மறத்தல் தகுமோ?

அற்றேல், பிறர் நிலையினின்று நோக்கின் தீயோன் செயலும் நன்றாய் முடியாதோவெனின், முடியாது. நோயாளன் வலத்தை வலமென்று கொள்ளும் மருத்துவர் அவன் நோயை நலமென்று கொள்ளார். அவர் தம் கண்ணையுங் கையையும் இழந்திலர். தம் பக்கத்தை மாத்திரமே அளவுகோலாகக் கொள்ளாது விடுத்தார். ஆகவே, ஒருவனை இகழவோ திருத்தவோ புகுமுன், வீழ்ந்து கிடக்கும் அவனையும் நிமிர்ந்து நிற்பானாகக் கருதி, அவன் வலம் எதுவென ஒருகால் எண்ணுதல் நம் கடன் என்க.