விளம்பரம் என்னும் கடன்

புதிதாகத் தொடங்கப்பெற்ற துணிக்கடை ஒன்று, பெரும்பொருள் செலவிட்டு விளம்பரம் செய்தும் ஏன் மூடப்படுகின்றது? இது வணிகம் கற்றோர் ஆராய வேண்டிய வினா. ஆசிரியப் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற கிழவிக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் எண்ணலாம். அவ்வாறு மூடப்பட்ட கடையொன்றில் எனக்கும் சிறு பங்கு உண்டு, ஆகவே எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற ஒருவர் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆயத்த ஆடைக் கடை திறந்தார். தாயாரின் நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதியைச் சுவர் விளம்பரத்திற்கும், உள்ளூர்த் தொலைக்காட்சிக்கும், ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பிற்கும் செலவிட்டார். அட்டுவம்பட்டியில் உள்ள என் வீட்டிற்கும் வந்தார். "டீச்சர், நோட்டீசுக்கு நீங்களே நாலு வரி எழுதித் தாங்க. உங்க பேரையும் போட்டுக்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். "எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது" என்பது அவ்வரிகளுள் ஒன்று. அத்துணியை நான் ஒருமுறையேனும் நீரில் நனைத்துப் பார்த்ததில்லை.

மூன்றே வாரத்தில், அடுத்த தெருவிலுள்ள ஓர் அம்மையார் மகளின் பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து காட்டினார். நீலப் பாவாடையின் சாயம் வெள்ளைச் சட்டை முழுவதும் ஏறியிருந்தது. "நீங்க எழுதியிருந்தீங்களேன்னுதான் டீச்சர் வாங்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்னர்ச் சாயமிடும் தொழில் அறிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். விலை மலிந்த நேர்ச்சாயங்கள் நூலைத் தளர்வாகவே பற்றியிருப்பவை; நீர் பட்டால் கழன்றுவிடும். தொட்டிச் சாயம் எனப்படும் உயர்ந்த வகையோ, கரைந்த நிலையில் நூலினுள் புகுந்து, அங்கேயே கரையாப் பொருளாக மாறி நிலைத்துவிடும். கடைக்காரர் துணியைச் சமவெளியின் வெயிலில் உலர்த்திப் பார்த்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். எங்கள் ஊரின் பனிமூட்டத்தில் துணி இரண்டு நாள் கொடியில் ஈரமாகவே தொங்கும். ஓடுகின்ற சாயத்திற்கு அத்தனை நேரம் கிடைத்தால் கேட்பானேன்! ஜீப் எங்கெங்கு ஏறி முழங்கியதோ, அவ்வூர்களிலெல்லாம் அக்கடையின் பெயர் கெட்டது. அறிவிப்புக் கேட்டிராத ஊர்களில் மட்டுமே அதற்குக் கெட்ட பெயர் இல்லை. இரண்டாம் ஆண்டில் கடை மூடப்பட்டது.

விளம்பரத்தைச் செலவு என்று கணக்கில் எழுதுகின்றனர். எனக்கு அது கடனாகவே தோன்றுகின்றது. ஒவ்வொரு அறிவிப்பும் வாங்குவோரிடம் முன்கூட்டியே பெற்ற நம்பிக்கை. அதைத் துணியால் திருப்பித் தர வேண்டும். மிகுதியாக விளம்பரம் செய்தவர் மிகுதியாகக் கடன்பட்டவர். இலண்டனில் இணையத்தின் வழி ஆடை விற்க எழுந்த பூ.காம் நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். விற்பனைத் தளம் ஆயத்தமாகும் முன்பே விளம்பரங்கள் வெளிவந்துவிட்டன. திறக்கும் நாளோ மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. 1999 நவம்பரில் திறந்தபோது, அக்காலத்துத் தொலைபேசி இணைப்புகளில் அத்தளம் மிக மெதுவாகவே தோன்றியது. ஏறத்தாழ 13½ கோடி டாலர் கரைந்து, 2000 மே மாதம் நிறுவனம் வீழ்ந்தது. நம் நாட்டில் கௌட்டன்ஸ் என்னும் ஆடை நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் பெருந்தள்ளுபடியை முழங்கி, 2007இல் பங்குச் சந்தையிலும் நுழைந்தது. ஆண்டு முழுவதும் தள்ளுபடி என்றால் உண்மை விலைதான் எது? விற்காத சரக்கும் வங்கிக் கடனும் சில ஆண்டுகளிலேயே அதை அழுத்திவிட்டன.

மலைக்குக் கீழே சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை செய்கின்றனர். முடிச்சிட்ட இடங்களில் சாயம் ஏறாமல் வெண்புள்ளிகள் நிற்கும். சாயம் ஓடினால் முதலில் காட்டிக்கொடுப்பவை அப்புள்ளிகளே. என் தாயார் அச்சேலையைப் பற்றிக் கிணற்றடியில்தான் அறிந்தார்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. கோடைக்கானலுக்கு ஏப்ரல், மே மாதங்களில் வருவோர் ஒருமுறை வாங்கிச் சென்றால் மீண்டும் வரமாட்டார்கள். அவர்களிடம் கலப்பு நூலைக் கம்பளி என்று விற்பவர் நொடித்துப் போவதில்லை. சிலர் செழிக்கவும் காண்கின்றோம். ஆகவே வாய்மை இலாபம் தரும் என்று மாணவர்க்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. திரும்பி வந்து கேட்கமாட்டார் என்பதனால் கடன் தீர்ந்துவிடுமா? தத்துவார்த்த சூத்திரம் பொய் அளவையையும், ஒன்றைப் போன்ற மற்றொன்றை விற்பதையும், பொய்யாமைக்கு மாறான குற்றங்களுள் வைக்காமல் கள்ளாமைக்கு மாறான குற்றங்களுள் வைத்திருக்கின்றது. வாங்குபவர் யார், மீண்டும் வருவாரா என்று அது கேட்கவில்லை.

அதே நூலில் வாய்மை விரதத்திற்குரிய குற்றங்களுள் முதலில் நிற்பது மித்தியோபதேசம், அதாவது பொய்யான போதனை. ஐம்பது ஆண்டுகள் படித்த இடம்தான். சீருடையைக் கண்ட பின்னரே, அது ஆசிரியரைக் குறித்தும் சொல்லப்பட்டது என்று உறைத்தது. அச்சிறுமிக்குப் புதுச் சீருடை வாங்கிக் கொடுத்தேன். அந்த நோட்டீசைப் படித்து வாங்கிய மற்றவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியாது.

அம்மாணவர் இப்போது பிறர் கடையில் பணியாற்றிச் சிறிது சிறிதாகக் கடனை அடைத்து வருகின்றார். மீண்டும் சிறிய அளவில் தொடங்க எண்ணம். சென்ற வாரம் இரண்டு மீட்டர் துணியுடன் வந்து, நோட்டீசுக்கு வரிகள் கேட்டார். துணியை வாங்கி நனைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றுடன் சேர்த்துக் கொடியில் போட்டிருக்கின்றேன். இன்று மூன்றாம் நாள். பனி விலகவில்லை, துணியும் உலரவில்லை. வரிகளை இன்னும் எழுதவில்லை.