யாருடைய தியாகம்?

நம்மில் பலர் தோட்டத்து வாரிசுகள்தான். என் பாட்டியும் தோட்டத்தில் பிறந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி இருந்ததாம். "பால் வெட்டப் போற அம்மாவ வாசல்ல சோதனை போடுவாங்க. ஒரு பிடி சோறுகூட வெளிய போகக்கூடாது. திரும்பி வந்துதான் பசியாறணும்" என்பார்.

அது 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். சுதந்திரம் கேட்டு ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த போர். காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்க 1950-ல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் ஒரு திட்டம் போட்டார். காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கும் மாச்சாங் பூபோக் அப்படி உருவான ஊர்தான். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள்.

இது சரியா? "ஊர் நல்லா இருக்கணும்னா சிலர் கஷ்டப்படத்தான் வேணும்" என்றான் என் நண்பன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. போராளிகளும் தொழிலாளர்களைக் கொன்றார்கள், மிரட்டி அரிசி வாங்கினார்கள். புதுக்கிராமங்களுக்குப் பிறகு பள்ளிக்கூடம், தண்ணீர் எல்லாம் வந்தன. போரும் முடிந்தது.

ஆனால் மகாபாரதத்தில் விதுரர் என்ன சொன்னார்? குலம் பிழைக்கத் துரியோதனனை விட்டுவிடு என்று திருதராஷ்டிரனிடம் சொன்னார். அவனுடைய சொந்த மகனைத்தான் விடச் சொன்னார், ஊரான் பிள்ளையை அல்ல. தன்னுடையதைக் கொடுத்தால் தியாகம். அடுத்தவன் வீட்டைப் பிடுங்கிவிட்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைக்கலாமா?

1952-ல் தஞ்சோங் மாலிமில் யாரும் துப்புக் கொடுக்கவில்லை என்று ஊர் முழுவதற்கும் தினம் 22 மணி நேர ஊரடங்கு போட்டார்கள், அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

இங்கே பணியாற்றிய ராபர்ட் தாம்ப்சன், பிறகு சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். 1962-ல் தென் வியட்நாமிலும் விவசாயிகளை வேலிக் கிராமங்களுக்குள் அடைத்தார்கள். மூதாதையர் சமாதி இருந்த மண்ணைவிட்டுப் பலர் கிளப்பப்பட்டார்கள். இரண்டே வருஷத்தில் திட்டம் சரிந்தது. வீட்டை இழந்தவன் அரசாங்கத்தை எப்படி நம்புவான்?

"பாதுகாப்பா இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டேன். "இருந்துச்சுய்யா. ஆனா எங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

நான் பொறியியல் படிக்கிறேன். நாளைக்குச் சாலைக்கோ தொழிற்சாலைக்கோ வரைபடத்தில் கோடு போடப் போகிறவன். அந்தக் கோட்டுக்குள் யார் வீடு இருக்கிறது என்று பார்ப்பதும், அவர்களிடம் போய்ப் பேசுவதும், என் வீடு அங்கே இருந்தால் சம்மதிப்பேனா என்று என்னையே கேட்பதும் என் தர்மம். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.