பாவும் பாவமும்

தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் மாலை ஏழு மணியளவில் நடந்து செல்வோர் செவியில் ஒரே வேளையில் பலவகை வழிபாடுகள் விழும். ஒரு வீட்டில் விளக்கேற்றிக் கந்தனைப் பாடுவர். அடுத்த வீட்டில் தொழுகைக்குக் கைகால் கழுவும் நீரோசை. மூன்றாம் வீட்டில் பாய் விரித்து, குடும்ப ஜெபம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி இங்கு வந்த நம் முன்னோர், மூட்டைமுடிச்சுகளோடு தத்தம் வழிபாட்டையும் சுமந்தே வந்தனர். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இலும், பிள்ளையார் கோயில் 1913இலும் எழுந்தன என்பர். அச்சந்துகளுள் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இன்று செம்பூரில் குடியிருக்கும் கிறித்தவக் குடும்பம் நம்முடையது. பாய் விரிக்கும் வழக்கத்தை மட்டும் நாம் செம்பூரிலும் விடவில்லை.

அந்தப் பாயின்மீது அமர்ந்த குழந்தைகளால் நாம் அடைந்த மகிழ்ச்சியையும், அவர்களுக்கு நாம் இழைத்த ஒரு தவற்றையும் இங்கே எழுதத் துணிகிறோம். தவறு சிறியதே. ஆயினும் அதனுள் ஒரு பெரிய வினா ஒளிந்திருந்தது. தானே எண்ணிப் பார்க்கும் அறிவு முதிராத குழந்தைக்கு நம் சமயத்தைக் கொடுக்க நமக்கு என்ன உரிமை உண்டு?

முதலில் மகிழ்ச்சியைச் சொல்வோம். மழலையின் வாயில் வேதச் சொற்கள் படும் பாட்டை நம் வாசகர் பலரும் அறிவர். 'பரமண்டலம்' என்னும் சொல்லை நம் மகள் நெடுநாள் 'பம்பாய் மண்டலம்' என்றே ஓதி வந்தாள். இந்நகரை இன்றளவும் பம்பாய் என்றே வழங்கும் ஆச்சி அதில் பிழையேதும் காணவில்லை. ஆண்டவர் பம்பாய் மண்டலத்தில் இருந்தால் நமக்கு வசதிதானே என்று நாமும் வாளாவிருந்தோம்.

ஐந்தாம் வயதில் அவள் நமக்காக ஒரு வேண்டுதல் தொடங்கினாள். அக்காலத்தில் நாம் அலுவலகம் முடிந்து மஸ்ஜித் நிலையத்தில் ஹார்பர் வண்டி ஏறிச் செம்பூரில் இறங்குவது வழக்கம். மாலை நேரத்து வண்டியில் அந்நிலையத்தில் ஏறுபவனுக்குக் கால் வைக்க இடம் கிடைப்பதே பேறு. களைத்துப்போய் வீடு சேரும் தந்தையைக் கண்ட குழந்தை, "அப்பாவுக்கு டிரெயினில் உட்கார இடம் கொடும், ஜன்னல் பக்கமாய்க் கொடும்" என்று வேண்டலானாள். மறுநாள் கதவு திறக்கும்போதே, "கிடைத்ததா?" என்று கேட்பாள். இரண்டு நாள் உண்மையைச் சொன்னோம். மூன்றாம் நாள் அம்முகத்தைக் காணப் பொறாமல், "கிடைத்தது" என்றோம்.

பொய்தான். இறைநம்பிக்கையைக் காப்பதற்காகச் சொன்ன பொய் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அவளோ மகிழ்ந்து குதிக்கவில்லை. சற்றே எண்ணிவிட்டு, "அப்படியானால் அந்த இடத்தில் உட்கார வேண்டியவர் நின்றுகொண்டா போனார்?" என்று கேட்டாள். வேண்டுதல்களைப் பற்றி அறிஞர்கள் எழுதிய நூல்கள் சிலவற்றை நாம் படித்ததுண்டு. அவ்வினாவுக்கு அவற்றில் நாம் விடை கண்டதில்லை. அன்று நாம் செய்தது, காப்பி கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்ததுதான்.

இனித் தவற்றுக்கு வருவோம். மும்பையில் 'பாவ்' என்பது ரொட்டி. விடியற்காலையில் மிதிவண்டியில் மணியடித்து வரும் பாவ்காரரிடம் வாங்கித் தேநீரில் தோய்த்து உண்ணாத தமிழ்க் குழந்தை இந்நகரில் அரிது. ஜெபத்தில் பெரியவர்கள் "எங்கள் பாவங்களை மன்னியும்" என்று நாள்தோறும் சொல்லக் கேட்கும் குழந்தை, அதனை எவ்வாறு பொருள் கொள்ளும் என்று நாம் ஒருபோதும் நினைத்ததில்லை. மகளுக்கு ஆறு வயதானபோது நம் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடந்தது. சபையார் பதினைந்து பேர் வந்திருந்தனர். முடிவு ஜெபத்தைக் குழந்தை சொல்லட்டும் என்று நாமே முன்மொழிந்தோம். பெருமைதான் காரணம், வேறென்ன? அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்:

"ஆண்டவரே, இன்றைக்கு நான் மூன்று பாவ் தின்றேன். மன்னித்துவிடும். மூன்றாவது தம்பியுடையது."

வீடு அதிரச் சிரித்தோம். ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார். இன்னொருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். சிரித்தவர்களுள் உரக்கச் சிரித்தவர் நாமே. குழந்தை கண்களைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குள் சென்று தன் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன் பின்னும் நாம் விடவில்லை. திருமண வீடுகளிலும், ஊர்ப்பயணத்தில் இரயிலிலும், அக்கதையை நம் வீட்டுச் செல்வத்தைக் காட்டுவது போல எடுத்தெடுத்துக் காட்டினோம். அவளையே அருகில் வைத்துக்கொண்டு சொன்னோம். அன்று முதல் அவள் வாய்விட்டு ஜெபிப்பதில்லை என்பதைக் கவனிக்க நமக்கு மாதங்கள் ஆயின.

எண்ணிப் பார்த்தால், அன்று அவ்வறையில் கூடியிருந்தோருள் தான் செய்த குற்றம் இன்னது, இத்துணை, இன்னாருக்கு உரியது என்று கணக்கோடு சொன்னவள் அவள் ஒருத்தியே. நாமெல்லாம் 'பாவங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, எந்தப் பாவம் என்பதை ஆண்டவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். சொல்லைத் தவறாகக் கொண்ட குழந்தை பொருளைச் சரியாகப் பிடித்திருந்தாள். தம்பியின் பாவைத் தின்றது பாவம்தான் அன்றோ?

இங்கே சிலர் குறுக்கிட்டு, "இதற்குத்தான் குழந்தைகளை இதிலெல்லாம் இழுக்கக் கூடாது என்கிறோம்; வளர்ந்தபின் அவர்களே தேர்ந்துகொள்ளட்டும்" என்பர். பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' நூலில் ஏறத்தாழ இதையே வற்புறுத்தினார். விளங்காத வயதில் கடவுளைப் பற்றிக் கற்பிப்பது கிளிக்குக் கற்பிப்பதே என்பது அவர் கருத்து. அவருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டுவிட்டவர் அவர் என்பதை நினைத்தால், மாலை நேரத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைக்கும் தொல்லையை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. எனினும் வாதத்தைச் சொன்னவரைக் கொண்டு தள்ளிவிடலாகாது. அதற்கு விடை சொல்லத்தான் வேண்டும்.

நம் விடை, புலம்பெயர்ந்து வாழ்வோர் எளிதில் உணரக்கூடியது. பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுத்தபோது நாம் அவர்கள் இசைவைக் கேட்டோமா? பதினெட்டு வயதில் தாமே ஒரு மொழியைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் தெருவின் இந்தியும் பள்ளியின் ஆங்கிலமும் அவ்விடத்தை நிரப்பிவிட்டிருக்கும். வெறுமையாக வைத்திருக்கும் வீடு என்று ஒன்றில்லை. நாம் ஒன்றும் கொடாதிருப்பதும் ஒன்றைக் கொடுப்பதே. இவ்வளவும் சரி. ஆனால் இவ்வுவமை ஓர் இடத்தில் முறிகிறது. தமிழ் பேசுகிறவன் எதையும் உண்மையென்று உறுதி கூறுவதில்லை. ஜெபிக்கிறவன் கூறுகிறான். பிறர் கொடுத்த உறுதிமொழியைத் தன்னதாகச் சொல்லும் குழந்தை, பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. அந்த இடைநிலையில் எத்தனை காலம் வைத்திருப்பது?

உலகத்துச் சமயங்கள் இவ்வினாவை அறியாதவை அல்ல. வியப்பு என்னவெனில், அவை பலவும் ஏழு, எட்டு வயதையே சுற்றி வருகின்றன. பத்தாம் பயஸ் என்னும் போப்பாண்டவர் 1910இல் கத்தோலிக்கக் குழந்தைகள் ஏறத்தாழ ஏழு வயதில் நற்கருணை பெறலாம் என்று ஆணையிட்டார். இசுலாமியர் ஏழு வயதில் தொழுகை பழக்குவர். அந்தணர் வீட்டில் உபநயனத்துக்கு உரிய வயது, கருவுற்றது முதல் எட்டு. சமயம் சாராத சட்டமும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 82ஆம் பிரிவில் ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்றது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டதை அறிவின் முதிர்ச்சியைப் பார்த்து முடிவு செய்க என்றது அடுத்த பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 20, 21 ஆம் பிரிவுகளில் இதையே வைத்துக்கொண்டது. ஆக, மூன்றாவது பாவ் வழக்கில் நம் மகள் சட்டப்படி நிரபராதி.

அமெரிக்காவில் 1830இல் தோன்றி, யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, உலகத்தாரால் மார்மன்கள் என்று அழைக்கப்படும் சபையாரின் வழக்கம் இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் வீட்டு வாழ்வோ நமக்கு மிகவும் பழகியதாகத் தோன்றுகிறது. வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்குக என்று அச்சபைத் தலைமை 1915இல் எழுதியது. 1970 முதல் திங்கட்கிழமை மாலை அதற்கென்று வகுக்கப்பட்டது. ஜெபம், பாட்டு, ஒரு சிறு பாடம், விளையாட்டு, இறுதியில் இனிப்பு. பாடம் முடியுமுன்பே இனிப்பைக் கேட்டு அழும் பிள்ளை யூட்டாவிலும் செம்பூரிலும் ஒன்றே என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர்கள் சிசுக்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எட்டு வயதுக்கு முன் குழந்தை கணக்கொப்புவிக்கத் தக்கதன்று என்பது அவர்கள் நம்பிக்கை.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று விரும்புவோர் மேடையேறித் தம் நம்பிக்கையைச் சாட்சியாகச் சொல்வர். சிறு குழந்தைகளையும் பெற்றோர் தூக்கிச் சென்று, காதில் ஒவ்வொரு சொல்லாக ஓத, அவர்கள் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்வர். கேட்க இனிமைதான். ஆனால் 2002இல் அச்சபைத் தலைமையே, பிறர் துணையின்றித் தாமே சொல்லக்கூடிய பருவம் வரும்வரை குழந்தைகள் அதனை வீட்டிலே சொல்லிப் பழகட்டும் என்று அறிவுறுத்தியது.

அதனைப் படித்தபோது மாதுங்காவில் ஒரு நண்பர் இல்லத்து உபநயனம் நினைவுக்கு வந்தது. தந்தையையும் மகனையும் ஒரு பட்டுத்துணியால் மூடி, அத்துணிக்குள் மந்திரத்தைச் செவியில் ஓதினர். சற்று நேரத்தில் துணிக்குள்ளிருந்து எட்டு வயதுக் குரல் ஊரறியக் கேட்டது: "அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாதா?" பந்தல் முழுதும் சிரித்தது. அத்தாய்தான் அதிகம் சிரித்தார். செவியில் ஓதுவது இரண்டிடத்தும் உண்டு. மேடையில் ஓதுவது குழந்தையின் வாய்வழியே மறுகணமே சபைக்குப் போய்விடுகிறது. துணிக்குள் ஓதுவது குழந்தைக்குள்ளேயே தங்குகிறது. பின்னாளில் அவன் அதனை வைத்துக்கொள்ளலாம், மறந்தும் போகலாம். நாம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் செய்தது மேடைவகை. சமயத்தைக் கொடுத்தது குற்றமன்று என்றே இன்றும் எண்ணுகிறோம். கொடுத்ததை உடனே விருந்தினர் முன் எடுத்துக் காட்டச் சொன்னோமே, அதுதான் குற்றம்.

மகளுக்கு எட்டு வயதானபோது, சபை ஆண்டுவிழாவில் வசனம் ஒப்புவிக்க அவளை அழைத்தனர். "நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று நம்மிடம் கேட்டாள். அச்சுறுத்தும் விடைகள் பல நம் நாவில் வந்து நின்றன. சென்ற தலைமுறையில் நமக்குச் சொல்லப்பட்டவை அவை. "ஒன்றும் ஆகாது, நாங்கள் கொஞ்சம் வருந்துவோம்" என்றோம். "கொஞ்சமா, நிறையவா?" என்றாள். டிரெயின் பொய் நினைவில் உறுத்தியதால், "நிறைய" என்று உண்மையைச் சொன்னோம். அவள் அன்று மேடையேறவில்லை. ஆச்சி இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.

இப்போது அவளுக்கு வயது பத்து. பாயில் வந்து அமர்கிறாள், பாடுகிறாள், ஜெபத்தின்போது தலையைக் கவிழ்த்திருக்கிறாள். உள்ளே என்ன சொல்கிறாள் என்று நாம் கேட்பதில்லை. கேட்க ஆசைதான். பாவ் கதையை யார் வீட்டிலும் சொல்வதில்லை. இங்கே எழுதுமுன் அவளிடம் இசைவு கேட்டோம். தன் பெயரைப் போடக் கூடாது என்றும், மூன்றாவது பாவில் பாதியைப் பிறகு தம்பிக்குத் திருப்பிக் கொடுத்ததையும் எழுத வேண்டும் என்றும் சொன்னாள். எழுதிவிட்டோம்.

சென்ற விநாயக சதுர்த்தி வாரத்தில் தெருவெங்கும் தாரை தப்பட்டை. ஆறு வயதுத் தம்பி நாள்முழுதும் ஊர்வலங்களுக்குப் பின்னே ஓடிவிட்டு, மாலையில் பாயில் அமர்ந்தான். ஜெபம் சொல்லத் தானாகவே முன்வந்தான். பள்ளி, ஆச்சியின் முழங்கால், அடுத்த வீட்டுப் பூனை என்று எல்லாருக்காகவும் வேண்டினான். 'ஆமென்' சொல்ல வேண்டிய இடத்தில் கையை உயர்த்தி, "மோர்யா!" என்று முழங்கினான்.

சொன்னவுடன் அவனுக்கே ஏதோ பிசகிவிட்டது தெரிந்து திகைத்தான். "ஏன், சாமிக்கு மராத்தி தெரியாதாக்கும்?" என்றார் ஆச்சி, கண்ணைத் திறவாமலே. நமக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினோம். மகள் தம்பியைப் பார்க்கவில்லை. நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.