வாங்காத வரியும் வாங்கும் வரியும்

எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. எங்கள் தெருவில் மட்டும் ஒரு பைசா வாங்க மாட்டார்கள். ஒரு வருசம் எங்கய்யாவும் இன்னும் நாலு பேரும் பணத்தோடு போய் மந்தையில் நின்றார்கள். "ஒங்க காசெல்லாம் வேணாம்டா, வந்து கொட்டடிச்சாப் போதும்" என்று திருப்பி அனுப்பினார்கள். காசு மிச்சம்தானே என்று கேட்டேன். "வரி வாங்கிட்டா மரியாதை குடுக்கணும்லடா" என்றார் அய்யா.

வரி கொடுத்தவனுக்குப் பாத்தியதை உண்டு. அரசியல் சட்டம் படிக்கும் முன்பே இதை அவரிடம் படித்துக்கொண்டேன்.

அரசாங்கம் நம் காசை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. சோப்புக்கு ஜிஎஸ்டி, செருப்புக்கு ஜிஎஸ்டி. செருப்புப் போட்டு நடக்கவிடாத தெருவில் இருப்பவனும் செருப்புக்கு வரி கட்டித்தான் ஆகணும். ஆனால் பதிவுபெற்ற மத அறக்கட்டளை, விதிப்படி செலவு செய்தால் போதும், வருமான வரி இல்லை. 1961ஆம் வருசச் சட்டம் கொடுத்த இந்த விலக்கை 2025இல் இயற்றிய புதிய சட்டமும் தொடர்கிறது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்த பணத்தை மற்ற எல்லாரும் சேர்ந்துதான் சுமக்கிறோம். வாசலில் நிறுத்தப்பட்டவனும் அதில் ஒருவன்.

விலக்கு எல்லா மதத்துக்கும் பொது, அதில் என்ன தப்பு என்பார்கள். மதங்களுக்குப் பொது, சரி. மதத்துக்குள்ளே எல்லாருக்கும் பொதுவா? 1947இலேயே ஆலய நுழைவுச் சட்டம் வந்த மாநிலம் இது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகளை உள்ளே விடாத தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. சாமி மாறினாலும் வாசல் மாறவில்லை.

வரிச் சட்டத்துக்குச் சாதி தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட சாதியின் நன்மைக்கென்றே ஏற்பட்ட தர்ம அறக்கட்டளைக்கு விலக்கு இல்லை என்றது 1961 சட்டத்தின் 13ஆம் பிரிவு. பட்டியல் சாதியார், பழங்குடியினர், பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கானவற்றை மட்டும் அதிலிருந்து விடுவித்தது. ஆக, சட்டம் பத்திரத்தைப் படிக்கிறது. வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. 'எல்லாருக்கும்' என்று எழுதிவைத்துவிட்டு ஒரு தெருவை மட்டும் வெளியே நிறுத்தினால் யார் கேட்பது?

அமெரிக்காவில் கேட்டார்கள். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இனம் விட்டு இனம் காதலிக்கக் கூடாதென்று விதி. பைபிளே ஆதாரம் என்றார்கள். வரித்துறை விலக்கைப் பறித்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. அது கல்வி நிறுவனத்துக்கான தீர்ப்பு, தேவாலயத்துக்கானதல்ல. ஆனால் அதன் நியாயம் நமக்கும் வேணும்: நம்பிக்கை உன்னுடையது, சலுகை பொதுச்சொத்து.

விலக்கையே ஒழி என்று நான் சொல்லவில்லை. சேரிப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் போட்ட மத நிறுவனங்களும் உண்டு. சிறுபான்மையினரை மிரட்ட அரசாங்கம் இதை ஆயுதமாக்கும் என்ற பயமும் எனக்கு உண்டு. ஆகவே எல்லா மதத்துக்கும் ஒரே நிபந்தனை, வெளிப்படையான விசாரணை, நீதிமன்றத்தில் முறையிட வழி. சாதி பார்த்து வாசலை, பந்தியை, கல்லறையை அடைத்தது நிரூபணமானால் விலக்கு போகட்டும். எங்கள் தெருக் காளிக்குக் கூரைகூட இல்லை. அவளுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை.

வரி வாங்கினால் மரியாதை கொடுக்கணும். ஊருக்கு அது தெரியும், அதனால்தான் வாங்கவில்லை. அரசாங்கம் வாங்கிக்கொண்டே தெரியாத மாதிரி இருக்கிறது.