பிள்ளை என்னும் அமானிதம்

அயல்நாட்டில் பிறந்த கல்விமுறை நம் பாலர் பள்ளிக்குப் பொருந்துமா என்று வினவுவோர், அது யாருக்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1907-இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறார்க்காகத் திறக்கப்பட்டதே மரியா மாண்டிசோரி அம்மையாரின் முதல் 'குழந்தைகள் இல்லம்'. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்ச்சூழலால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். இன்றோ அவர் பெயர் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பலகைகளில் மின்னுகிறது.

திருவாலங்காட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் வயலுக்கும் ஆலைக்கும் செல்வோரின் பிள்ளைகள் அங்கன்வாடியில் அமர்ந்திருக்கின்றனர். அம்முறைக்கு முதல் உரிமை உடையோர் இவர்கள் அல்லரோ?

விலையுயர்ந்த மரக்கருவிகள் இல்லையே என்பது சாக்கு. புளியங்கொட்டை எண்ணக் கற்பிக்கும். சொம்பிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் நீர் வார்த்தல் கைக்கு நிதானம் தரும். மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிக்குப் புதிதன்று. அரிதாய் இருப்பது, குழந்தை தானே செய்து முடிக்கும்வரை குறுக்கிடாத ஆசிரியரின் பொறுமையே.

'இப்படி விட்டால் அதபு கெடாதா?' என்பர் சிலர். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தலும், பிறர் கையிலிருப்பதைப் பறியாமையும் அம்முறையின் விதிகள். இவை அதபு அல்லவெனில் வேறெது?

அரபியில் தஃலீம் என்பது அறிவு புகட்டுதல். தர்பிய்யத் என்பது வளர்த்தெடுத்தல். மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னதை அவசரப்படுத்திப் பின்னதை மறக்கும் பெற்றோர், அமானிதத்தின் இயல்பைக் கெடுக்கின்றனர். கெடாமல் காப்பதே நம் கடன்.