உப்புப் பார்க்கிற நாக்கு

கருத்தரங்கு ஒன்றுக்காகப் பெங்களூரு போயிருந்தேன். மாலையில், என்னோடு ஆய்வு செய்த தோழி இந்திராநகரில் ஒரு ப்ரூபப்புக்கு அழைத்துப் போனாள். பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற இடம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆள் உயரத்துக்கும் மேலான எஃகுக் கலன்கள். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஔவையும் அதியமானும் கள்ளைப் பகிர்ந்துகொண்டதைப் புறநானூற்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறவள்தான் நான்.

பீர் நன்றாகவே இருந்தது. சாப்பாடுதான் ஏமாற்றியது. முக்கால் மணி நேரம் கழித்து வந்த மீன் வறுவல் மேலே கருகியும் உள்ளே சில்லென்றும் இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல் ஆறித் துவண்டு கிடந்தது. பாதியைத் தட்டிலேயே விட்டோம். தட்டெடுக்க வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். “எப்படி இருந்தது, மேடம்?” என்று கேட்டாள்.

“நல்லா இருந்தது” என்றேன்.

அவள் நகர்ந்ததும் தோழி கேட்டாள்: “ஏன்டி பொய் சொன்னே?”

“பாவம், சின்னப் பொண்ணு” என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பேசக்கூட மாட்டார். அம்மா கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சியதைச் சாப்பிடுவார். அன்று குழம்பில் உப்புக் கூடியிருந்தால் அதே குழம்புதான் அவருக்கும். “உனக்கு எப்படி இருந்துச்சும்மா?” என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சமைத்தவளுக்கு நாக்கு இருக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

குறுந்தொகை 167ஆம் பாடலில், மணமான பெண் தயிரைப் பிசைந்த விரல்களை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் அதை நற்றாயிடம் சொல்கிறாள். அழகான பாட்டு. பல ஆண்டுகள் அந்த முகமலர்ச்சியை மட்டும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி, “அவ சாப்பிட்டாளா மேடம்?” என்று கேட்டாள். பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

பீருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1300களின் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சியதில் மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். அதைச் சுவைத்துத் தரம் பார்க்க ஊரில் அலுவலர்கள் இருந்தார்கள், அவர்கள் ஆண்கள். 1600 வாக்கில் காய்ச்சுகிற தொழிலும் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கை ஒருத்தியுடையது, தீர்ப்புச் சொல்லும் நாக்கு இன்னொருவனுடையது என்ற ஏற்பாடு நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

ஆக, அந்த மேசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். தட்டைத் தள்ளுகிற அப்பா, மிஞ்சியதை விழுங்குகிற அம்மா. காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் நான் வாயைத் திறந்தால் அப்பாவாகிவிடுவேனோ என்று பயம். அதனால் அம்மாவாகி விழுங்கினேன். அதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அப்பாவின் தவறு, சுவை சரியில்லை என்று அறிந்தது அல்ல. அறிந்ததைச் சொல்லாமல், சமைத்தவளைத் தண்டித்தது. சொல்வது வேறு, தண்டிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆண்களுக்குத் தண்டிக்கவும் பெண்களுக்குச் சகிக்கவும் கற்றுத்தந்தார்கள். ‘நல்லா இருந்தது’ என்று நாம் சொல்லும்போது எதிரில் இருப்பவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம். உண்மையில் அவளைக் காப்பாற்றுகிறோமா?

பில்லோடு வந்தபோது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “தப்பா நினைக்காதம்மா. மீன் உள்ளே வேகவே இல்லை. அப்போ சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஒரு வாரமா இப்படித்தான், மேடம். நாங்க சொன்னா கிச்சன்ல கேட்க மாட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. இதுல எழுதிக் கொடுங்க” என்று ஒரு அட்டையை நீட்டினாள்.

என் இரக்கம் அவளை யார் பக்கம் நிறுத்தியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. மீன் வேகவில்லை என்று எழுதினேன். பரிமாறியவர் மீது குறையில்லை என்றும் எழுதினேன். அவளுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் வைத்தேன். மீனுக்கு என்ன ஆனதோ, தெரியாது.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மா சமைத்திருந்தார். அவரையும் என்னோடு உட்காரவைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும், “உப்பு கொஞ்சம் கம்மிம்மா” என்றேன். சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மா நிதானமாக மென்று விழுங்கினார். “கம்மிதான். புளியும் தூக்கலா இருக்கு. அதை நீ சொல்லலையே” என்றார்.

எழுபத்திரண்டு வயது நாக்கு. நான் உப்பு ஜாடியை எடுத்துவர எழுந்தேன்.