கறை யாருடையது?

வகுப்பிலே ஒரு நாள் தூய்மை பற்றிப் பேசினேன். பல் துலக்காதோர் பண்பறியாதோர் என்றேன்; சோம்பலின் முத்திரை பல்லிலே தெரியும் என்றேன். பிள்ளைகள் கைதட்டினர். கடைசி வரிசையிலே ஒருத்தி மட்டும் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டாள். அவள் பற்களிலே பழுப்புக் கறை. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவள். மாலையில் வந்து கேட்டாள்: "நாள்தோறும் இருமுறை துலக்குகிறேன், ஐயா. போகவில்லையே, நான் என்ன செய்ய?"

தோழர்களே! பட்டம் பெற்றவன் நான். ஆனால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன்! வெட்கம் உந்த, தேடிப் படித்தேன்.

1901-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற பிரெடரிக் மெக்கே எனும் இளம் பல் மருத்துவர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பற்களிலே இதே கறையைக் கண்டார். பன்றி இறைச்சி மிகுதியாகத் தின்றதால் என்றனர் சிலர். பாலின் தரக்குறைவு என்றனர் வேறு சிலர். ஊர்வாய் சொன்னதை மெக்கே ஏற்கவில்லை, முப்பதாண்டு ஆராய்ந்தார். 1931-இல் சர்ச்சில் என்பார் (போர்க்களச் சர்ச்சில் அல்லர், சோதனைச்சாலைச் சர்ச்சில்!) குடிநீரைப் பகுத்துப் பார்த்து, ஃபுளோரைடு மிகுதியே காரணம் எனக் கண்டார். 1937-இலேயே, அன்றைய சென்னை மாகாணத்திலும் இந்நோய் உண்டென மருத்துவர்கள் எழுதி வைத்தனர்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளிலே ஃபுளோரைடு உண்டு. பாறையோடு நெடுநாள் உறவாடிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு குழாய் வழியே மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. வரம்பு மீறிய நீரைச் சுமார் எட்டு வயதுக்குள் குழந்தை குடித்து வந்தால், ஈறுக்குள்ளே உருவாகும் நிலைப்பல்லின் எனாமல் கெடுகிறது. முளைக்கும் முன்பே பல்லுக்குக் கேடு! பற்பொடி என்ன செய்யும்? வேப்பங்குச்சிதான் என்ன செய்யும்?

'தலைவிதி' என்றாள் அவள் பாட்டி. 'சோம்பல்' என்றேன் நான். பாட்டி காரணத்தை வானத்திலே ஒளித்தாள். நான் அதைப் பாதிக்கப்பட்டவள் தலையிலே சுமத்தினேன். இருவருமே கிணற்றைக் கேள்வி கேட்கவில்லை!

"தன் உடலைத் தான் பேணுவது கடமையன்றோ?" என்பீர்கள். ஆம், கடமைதான். இனிப்பைத் தின்றுவிட்டுத் துலக்காமல் உறங்குபவனுக்குச் சொத்தைப் பல்லிலே பங்குண்டு. ஆனால் கடமையைச் சுட்டும் விரல், அதை ஆற்றும் வழியையும் சுட்ட வேண்டாமா? அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலே, சிதம்பரத்திலே, 2023 முதல் புதுக்கோட்டையிலே. தருமபுரி இளைஞனுக்கு எல்லாமே தொலைவு. நகரத்துத் தனியார் மருத்துவரிடம் போவதென்றால் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, அதற்குமேல் சிகிச்சைச் செலவு. வலி பொறுக்கும்வரை பொறுத்து, பொறுக்காதபோது போகிறான். உள்ளவனுக்குப் பல்லைக் காக்கும் சிகிச்சை. இல்லாதவனுக்குப் பல்லைப் பிடுங்கும் சிகிச்சை! கறையை மங்கச் செய்யவும் மறைக்கவும் வழிகள் உண்டு. அவையும் பணம் கேட்கின்றன.

அறிவு இங்கே தோற்றுவிடவில்லை. ஜப்பானிய நிதியுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் குழாயிலே வந்தது. ஆயிரம் உபதேசம் செய்யாததை அந்தக் குழாய் செய்கிறது. ஆனால், அது வருமுன் வளர்ந்தவர் வாயிலே கறை நிலைத்துவிட்டதே! அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

மறுவாரம் அதே வகுப்பிலே, அதே பிள்ளைகள் முன்னிலையிலே, என் பேச்சு தவறு என்றேன். அவள் பெயரைச் சொல்லவில்லை, காரணத்தைச் சொன்னேன்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். வரம்பு மீறினால், சிறு குழந்தைகளுக்கு முதலில் நல்ல நீர் கிடைக்கச் செய்யுங்கள். பள்ளிதோறும் பல் மருத்துவர் வரவேண்டுமெனக் கேளுங்கள். பெண் பார்க்கும் கூடத்திலே கறைப்பல் கண்டு உதடு பிதுக்குவோரிடம் நீரின் கதையைச் சொல்லுங்கள். கறை அவள் பல்லிலே, களங்கம் நம்மிடத்திலே. துடைக்க வேண்டியவர் நாமே!